ஏழாம் அத்தியாயம்: தரவரிசையை உலுக்கிப் பார்த்தல்

நீங்கள் கட்டிய தரவரிசை முறை இப்போது எக்செல் தாளில் ஓடிக்கொண்டிருக்கும். நிஃப்டி 500 பட்டியலில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் மூன்று வகையில் மதிப்பெண் போடுகிறீர்கள். கடந்த 12 மாத விலையேற்றத்துக்கு 40, ஆர்ஓசிஇ என்னும் மூலதன வருவாய்க்கு 30, பி/இ என்னும் விலை-லாப விகிதம் குறைவாக இருப்பதற்கு 30. கூட்டி வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் 20 பங்குகளை வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஏற்பாடு. பழைய விலைகளை வைத்து பேக்டெஸ்ட் செய்தால் ஆண்டுக்கு 25 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை நம்பி இன்னும் ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

திருவண்ணாமலை தேரடி வீதியில் கடை வைத்திருப்பவருக்கும் மும்பையில் பண்டு நடத்துபவருக்கும் இன்று கிடைக்கும் விலைப்பட்டியல் ஒன்றுதான். 1937-இல் தொடங்கிய சென்னைப் பங்குச் சந்தை 2015-இல் மூடப்பட்டபோது, வியாபாரம் முழுக்கக் கணினித் திரைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தூரம் இன்று ஒரு குறையே அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் ஒருவர் முறையைக் கட்டினால், அதை உடைத்துப் பார்க்க இன்னொருவர் இருப்பார். தனியாக உட்கார்ந்து முதலீடு செய்கிறவர் இரண்டு வேலையையும் தானே பார்க்க வேண்டும். பணிக்கொடையையோ மனை விற்ற பணத்தையோ சந்தையில் வைக்கிறவருக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த அத்தியாயம் நீளமானது.

எவ்வளவு வந்தது என்ற கேள்வியை ஒதுக்கி வையுங்கள். எதை மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள்.

மறைந்த பங்குகள்

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் பட்டியலைச் சோதியுங்கள். இன்றைய நிஃப்டி 500 பட்டியலை எடுத்துக்கொண்டு அதே பெயர்களோடு 2010-க்குப் பின்னோக்கிப் போயிருந்தால் உங்கள் பேக்டெஸ்ட் முழுவதும் பிழை. இன்றைய பட்டியலில் இருப்பவை தப்பிப் பிழைத்தவையும் வளர்ந்தவையும் மட்டுமே. 2010-இல் யார் பிழைப்பார், யார் வளர்வார் என்று யாருக்கும் தெரியாது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. 2020 நவம்பர் 17 அன்று வங்கியின் செயல்பாடுகள் முடக்கப்பட்டன. வைப்பாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. நவம்பர் 27 அன்று அது டிபிஎஸ் பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் தள்ளுபடியானது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதில் தரவரிசை முறைக்கு மூன்று கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, இன்றைய பட்டியலில் அந்தப் பெயரே இல்லாததால் உங்கள் தாளுக்கு அந்த இழப்பே தெரியாது. இரண்டாவது, புத்தக மதிப்போடு விலையை ஒப்பிட்டு மலிவான பங்குகளைத் தேடும் முறைகள் இப்படிப்பட்ட பங்குகளைத்தான் மேலே தூக்கிவிடும். புத்தக மதிப்பு காலாண்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறது, விலையோ தினமும் இறங்குகிறது. நடுவில் உள்ள நாட்களில் பங்கு மலிவாகத் தோன்றும். மூன்றாவது கண்ணியை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கடைசி நாட்களில் அந்தப் பங்கு ஒற்றை இலக்க ரூபாயில் கைமாறிக்கொண்டிருந்தது. பங்கு பட்டியலிலிருந்து நீங்கியதும், பல மென்பொருள்கள் கடைசி வியாபார விலைக்கே விற்றுவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். உண்மையில் கிடைத்தது பூஜ்யம். மூலதனம் தள்ளுபடியான பங்குக்குத் தாளில் கைமுறையாக 100 சதவீத நஷ்டம் எழுதுங்கள்.

பெயர் மறைந்தாலே பங்கு செத்துவிட்டது என்றும் முடிவு கட்டக் கூடாது. 2023 ஜூலை 1 அன்று எச்டிஎஃப்சி நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது 25 பங்கு வைத்திருந்தவருக்கு வங்கியின் 42 பங்கு கிடைத்தது. மறைந்த பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் முடிவு என்ன என்று தேடி எழுதத்தான் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு எந்தச் சோதனையையும் விட இது அதிகம் வெளிச்சம் தரும்.

பழைய பட்டியலுக்கு எங்கே போவது? தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு வியாபார நாளுக்கும் பாவ்காப்பி வெளியிடுகிறது. அன்று வியாபாரமான எல்லாப் பங்கும் அதில் இருக்கும், பிறகு அழிந்தவை உட்பட. பட்டியலை மாற்றும் ஒவ்வொரு நாளிலும், அதற்கு முந்தைய ஆறு மாத சராசரி வியாபார மதிப்பில் முதல் 500 இடங்களைப் பிடித்த பங்குகளை எடுத்தால் அன்றைய மனிதருக்குத் தெரிந்திருக்கக்கூடிய பட்டியல் கிடைத்துவிடும். நிஃப்டி 500-இன் பழைய உறுப்பினர்களை ஒவ்வொன்றாகத் தேடுவதை விட இது எளிது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாவ்காப்பி விலைகளில் பங்குப் பிரிப்பும் போனஸும் சரிசெய்யப்பட்டிருக்காது. ராயல் என்பீல்டு தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்டில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. சரிசெய்யாத தாளில் அது ஒரே நாளில் 90 சதவீதம் வீழ்ந்த பங்காகத் தெரியும். மொமென்டம் என்னும் விலையேற்ற மதிப்பெண் ஓராண்டுக்குக் கெட்டுப்போகும்.

அன்றைக்குத் தெரிந்தது மட்டும்

மார்ச் 31-இல் முடியும் ஆண்டின் கணக்கை ஏப்ரல் 1 அன்று பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி நிறுவனங்களுக்கு ஆண்டுக் கணக்கை வெளியிட 60 நாளும், மற்ற காலாண்டுகளுக்கு 45 நாளும் அவகாசம் உண்டு. ஆகவே மார்ச் கணக்கு ஜூன் 1 முதல், ஜூன் காலாண்டு ஆகஸ்ட் 15 முதல் என்று தாளில் கட்டாயமாகத் தள்ளிப் போடுங்கள். இந்த ஒரு திருத்தத்தில் லாபம் கணிசமாகக் குறைந்தால், அதுவரை உங்கள் முறை நாளைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பொய்க் கணக்கைப் பின்னாளில் தெரிந்த உண்மையை வைத்துத் திருத்திவிடக் கூடாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று சொன்னது. அன்று அந்தப் பங்கு சென்செக்ஸிலும் நிஃப்டியிலும் இருந்தது. கடனற்ற, ரொக்கம் நிறைந்த நிறுவனங்களுக்கு மதிப்பெண் தரும் எந்த முறையும் 2008-இல் சத்யத்தை உயரமாகத்தான் வைத்திருக்கும். உங்கள் முறையும் அதை வாங்கட்டும், அடியும் வாங்கட்டும். அந்த அடியோடும் முறை நிற்கிறதா என்பதே சோதனை. 20 பங்குகளில் ஒன்று முற்றாக அழிந்தால் 5 சதவீதம் போகும். பங்குகளை 8 ஆகக் குறைத்திருந்தால் 12.5 சதவீதம். எத்தனை பங்கு வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

பௌர்ணமிக் கணக்கு

கிரிவலப் பாதையில் டீக்கடை ஒன்றை விலைக்குக் கேட்பவரிடம் பௌர்ணமி இரவுகளின் கணக்கையும் கார்த்திகை தீபத்தன்று நடந்த வியாபாரத்தையும் மட்டும் காட்டினால், கடையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அமாவாசை வாரத்தில் எத்தனை டீ போனது, ஐப்பசி மழையில் எத்தனை நாள் கடை திறக்கவில்லை என்று கேட்பார். பேக்டெஸ்டின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் தேர்ந்தெடுக்கும்போது நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. 2020 ஏப்ரலில் தொடங்கி 2021 அக்டோபரில் முடித்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பட்டியலும் லாபம் காட்டும்.

ஒவ்வொரு மாதமும் ஒரு தொடக்கம் என்று வைத்து, மூன்று மூன்று ஆண்டு ஓட்டங்களாகப் பிரியுங்கள். 2007 முதல் தரவு இருந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் கிடைக்கும். சராசரியைப் பார்க்காதீர்கள். அடிமட்டத்தில் கிடக்கும் கால் பங்கு ஓட்டங்களைப் பாருங்கள், அவை நிஃப்டி 500 குறியீட்டோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கின்றன என்று குறியுங்கள்.

சில நாட்களைத் தனியாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும். 2008-இல் நிஃப்டி ஜனவரியில் 6,200-க்கு மேல் இருந்து அக்டோபரில் 2,600-க்குக் கீழே போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைவிட நுட்பமான சோதனை 2009 மே 18. மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிறகு வந்த முதல் வியாபார நாளான அன்று சந்தை மேல் சர்க்யூட் என்னும் ஒருநாள் ஏற்ற வரம்பைத் தொட்டு வியாபாரம் நின்றது. நிஃப்டி ஒரே நாளில் 17 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சந்தை அடிமட்டத்திலிருந்து திரும்பும் இப்படிப்பட்ட மாதங்களில், அதுவரை அடிவாங்கிய பங்குகள்தான் வேகமாகப் பாயும். கடந்த 12 மாதத்தில் ஏறியதை வாங்கும் முறையோ அமைதியான மருந்துப் பங்குகளையும் சோப்புப் பங்குகளையும் வைத்துக்கொண்டு பின்தங்கி நிற்கும். கென்ட் டேனியலும் டோபியாஸ் மோஸ்கோவிட்சும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கச் சந்தையில் மொமென்டம் சரியும் நேரங்களை இதே வகையில்தான் விளக்குகிறது.

சிறிய பங்குகளை நாடும் முறை என்றால் 2018 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை கட்டாயம் ஓட்டுங்கள். 2020 ஜனவரியில் நிஃப்டி 50 புதிய உச்சத்தைத் தொட்டபோதும் சிறுநிறுவனக் குறியீடுகள் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய உச்சத்துக்குக் கீழேயே கிடந்தன. பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்து 7,610-இல் முடிந்தபோது, சிறுநிறுவனக் குறியீடுகள் உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் இழந்திருந்தன. அந்த 27 மாதங்களில் உங்கள் முறையின் கணக்கை மாதவாரியாக அச்சிட்டு, வீட்டில் உள்ளவர்களும் பார்க்கும்படி வையுங்கள். அதைப் பார்த்துவிட்டும் தொடர முடியுமா என்று அவர்களோடு பேசுங்கள்.

பங்குகளை மாற்றும் தேதியையும் நகர்த்துங்கள். மாதத்தின் முதல் நாளுக்குப் பதிலாக 8, 15, 22 என்று ஓட்டுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே விடை தர வேண்டும். ஒரு தேதியில் மட்டும் நன்றாக வந்தால் அந்தத் தேதிக்கு ஒரு விசேஷமும் இல்லை, தற்செயல்தான். பணத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு மாத இடைவெளியில் பகுதி பகுதியாக மாற்றினால் தேதியின் செல்வாக்கு பெரும்பாலும் அடங்கிவிடும்.

எடையை அசைத்தல், பாதியை மறைத்தல்

40-30-30 என்ற எடைகள் எங்கிருந்து வந்தன? நீங்களே போட்டவை. 30-40-30, 50-25-25, மூன்றும் சமம் என்று ஓட்டுங்கள். 12 மாதத்தை 9, 10, 11, 13 ஆக மாற்றுங்கள். 20 பங்கை 15, 30, 40 ஆக்குங்கள். எல்லாச் சேர்க்கையையும் ஒரு கட்டத்தில் எழுதினால் பக்கத்துப் பக்கத்து எண்கள் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் 25 சதவீதமும் அதைச் சுற்றியுள்ளவை 15, 16-மாக இருந்தால், உங்களுக்குக் கிடைக்கப் போவது 15 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குகளைப் பாதி பாதியாகப் பிரிக்கும் சோதனை இதைவிடக் கடுமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. 500 பங்குகளை அகரவரிசையில் அடுக்கி, ஒற்றை எண்ணில் வருபவை ஒரு குழு, இரட்டை எண்ணில் வருபவை மற்றொரு குழு. இரண்டிலும் தனித்தனியாக முதல் 10 பங்குகளை வாங்கி ஓட்டுங்கள். முறைக்குள் உண்மையான காரணம் ஒன்று இருந்தால் இரண்டு பாதியிலும் வேலை செய்யும். ஒரு பாதி 30, மற்றது 9 என்று வந்தால் எங்கோ ஓரிரு பங்குகள் முழுக் கணக்கையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கின்றன. அப்போது அடுத்த வேலை, மொத்த லாபத்தில் அதிகம் பங்களித்த ஐந்து பங்குகளைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவது. 2009-இல் சில நூறு ரூபாயில் இருந்த ஐஷர் மோட்டார்ஸ், பங்குப் பிரிப்புக்கு முந்தைய கணக்கில், 2017-இல் 30,000 ரூபாயைத் தாண்டியது. அப்படி ஒரு பங்கு பட்டியலில் மாட்டியிருந்தால் எந்தச் சூத்திரமும் அறிவாளித்தனமாகத் தெரியும். அடுத்த பத்தாண்டில் அப்படி ஒன்று கையில் அகப்படும் என்று எவரும் எழுதித் தர முடியாது.

நிதி நிறுவனங்களைச் சேர்த்தும் விலக்கியும் ஓட்டுவது நம் ஊர் முதலீட்டாளருக்கு மிக அவசியம். கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி, சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம் என்று தமிழ்நாட்டுக் கையிருப்புகளில் இவை நிறைய இருக்கும். வங்கிக்குக் கடன் வாங்குவதே தொழில் என்பதால் ஆர்ஓசிஇ, கடன் விகிதம் போன்ற அளவுகள் அங்கே பொருந்தாது. நிஃப்டி 50-இன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைதான். பொருந்தாத அளவால் அத்தனையையும் உங்கள் முறை ஒதுக்கியிருந்தால், நிதித்துறை சறுக்கிய ஆண்டுகளில் வந்த லாபத்தை உங்கள் திறமை என்று எண்ணிவிடுவீர்கள்.

இன்னொன்று சுருக்கமாக. எக்செலில் ரேண்ட் என்ற சார்பைக் கொண்டு ஒவ்வொரு மதிப்பெண்ணையும் 5 சதவீதம் மேலோ கீழோ தற்செயலாக அசையுங்கள். முதல் 20-இல் பாதிப் பெயர்கள் மாறினால் உங்கள் வரிசையில் 15-ஆம் இடத்துக்கும் 45-ஆம் இடத்துக்கும் உண்மையில் வித்தியாசம் இல்லை. அப்படியானால் 20-க்குக் கீழே இறங்கியதுமே விற்க வேண்டாம், 45-க்குக் கீழே போனால் விற்கலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். செலவு கண்கூடாகக் குறையும்.

மேலிருந்து கீழ் வரை

முதல் 20 பங்குகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 500-ஐ 50, 50 ஆகப் பத்துக் குழுவாக்கி ஒவ்வொன்றின் வருமானத்தையும் எழுதுங்கள். முதல் குழுவிலிருந்து பத்தாவது வரை படிப்படியாக இறங்க வேண்டும். ஆங்காங்கே ஒரு படி தடுமாறினால் பரவாயில்லை. முதல் குழு உச்சத்தில் இருந்து, இரண்டாவதும் மூன்றாவதும் எட்டாவதை விட மோசம் என்றால் அந்த மதிப்பெண்ணுக்கும் லாபத்துக்கும் தொடர்பு இல்லை. பல நேரங்களில் கடைசிக் குழு மட்டும் மோசமாகவும் மற்றவை எல்லாம் ஒன்றுபோலவும் வரும். அதுவும் பயனுள்ள விடைதான். அந்த முறையை வாங்கப் பயன்படுத்தாமல், எதை வாங்கக் கூடாது என்று வடிகட்டப் பயன்படுத்துங்கள்.

செலவு

டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி என்னும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரை வரி 0.015 சதவீதம். கையிருப்பு முழுவதும் ஆண்டுக்கு இரண்டு முறை மாறினால் இவை மட்டும் 0.43 சதவீதம். சிறிய பங்குகளில் நாம் வாங்கும்போதே விலை நகர்ந்துவிடும். ஒவ்வொரு பக்கமும் அரை சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு இன்னும் 2 சதவீதம் போகும். 12 மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். இத்தனையும் கழித்த பிறகு, செலவை இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். கீழ் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்ட நாளில் விற்றதாகத் தாள் காட்டினால், பூட்டு திறந்த நாளின் விலைக்கு மாற்றுங்கள்.

எத்தனை முறை முயன்றீர்கள்?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒவ்வொரு பேக்டெஸ்டையும் தேதியோடு எழுதுங்கள், தோற்றவற்றையும் சேர்த்து. இதைச் செய்யாமல் மற்ற எந்தச் சோதனையும் நிலைக்காது. இருபதில் ஒன்று தற்செயலாகத் தேறும் பரீட்சையை நூறு வெற்றுச் சூத்திரங்களுக்கு வைத்தால் ஐந்து தேறிவிடும். நூறாவது முயற்சியில் கிடைத்த அழகான முடிவை முதல் முயற்சியில் கிடைத்ததாக நினைத்துக்கொள்வது மனித இயல்பு. காம்ப்பெல் ஹார்வியும் அவரது துணை ஆய்வாளர்களும் 2016-இல், இதே காரணத்துக்காக, பங்கு வருமானத்தை விளக்கும் புதிய காரணிகளுக்கு வழக்கமான அளவுகோலை விடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று வாதிட்டார்கள். அதே ஆண்டு மக்லீனும் பான்டிஃபும் அமெரிக்க ஆய்வுகளில் வந்த 97 காரணிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆய்வில் பயன்படுத்திய காலத்துக்கு வெளியே லாபம் 26 சதவீதமும், ஆய்வு வெளியான பிறகு 58 சதவீதமும் குறைந்திருந்தது. தேர்ந்த ஆய்வாளர்களின் காரணிகளுக்கே இவ்வளவு தேய்மானம் என்றால், நம் தாள் சொல்லும் கூடுதல் லாபத்தைப் பாதியாக்கிக்கொள்வது நியாயமான தொடக்கம்.

பிறர் காட்டும் வரைபடத்துக்கும் இதே கேள்வியை வையுங்கள். நிஃப்டி200 மொமென்டம் 30 குறியீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6 மாத, 12 மாத விலையேற்றத்தை ஏற்ற இறக்கத்தால் வகுத்து மதிப்பெண் போட்டு, 200 பங்குகளில் 30-ஐத் தேர்ந்தெடுத்து, ஜூனிலும் டிசம்பரிலும் மாற்றும் வெளிப்படையான தரவரிசை அது. அதன் கணக்கு 2005 ஏப்ரல் 1-இலிருந்து தொடங்குகிறது, குறியீடு அறிமுகமானதோ 2020 ஆகஸ்டில். வரைபடத்தில் 2020 ஆகஸ்டில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் உள்ள 15 ஆண்டுகளும் பின்னோக்கிக் கணக்கிட்டவை. வலப்பக்கம் மட்டுமே சந்தையில் வாழ்ந்தது. அந்த வலப்பக்கத்தில், 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த சரிவில், அது நிஃப்டி 50-ஐ விட ஆழமாக இறங்கியதும் இருக்கிறது. மாதச் சந்தாவுக்குத் தரவரிசை விற்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று கேளுங்கள். செபியில் ஆய்வாளராகப் பதிவு செய்தவரா என்பதையும் சரிபாருங்கள்.

உங்கள் விலையேற்ற மதிப்பெண் சரியாகக் கணக்கிடப்பட்டதா என்று பார்க்க அகமதாபாத் ஐஐஎம் உதவும். அகர்வாலா, ஜேக்கப், வர்மா மூவரும் இந்தியச் சந்தைக்கான மொமென்டம் உள்ளிட்ட காரணிகளின் வருமானத்தைக் கணக்கிட்டு இலவசமாக வெளியிடுகிறார்கள். மறைந்த நிறுவனங்களின் பிரச்சினையையும் அவர்கள் கருத்தில் கொண்டிருக்கிறார்கள். உங்கள் மாத வருமானமும் அவர்களுடையதும் ஏறக்குறைய ஒரே திசையில் போக வேண்டும். எதிரெதிராகப் போனால் பிழை பெரும்பாலும் உங்கள் தாளில்தான்.

கடைசிச் சோதனைக்கான தரவை இந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் படிக்கும்போதே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். கடைசி மூன்று ஆண்டுகளை வேறு கோப்பில் போட்டு மூடிவிடுங்கள். எடைகள், பங்குகளின் எண்ணிக்கை, விற்கும் விதி எல்லாவற்றையும் முடிவு செய்து நோட்டில் எழுதிய பிறகு அதை ஒரே ஒருமுறை திறந்து ஓட்டுங்கள். உலுக்கிய சோதனைகளில் வந்த அடிமட்டக் கால்பங்குக்கு மேலே விடை நின்றால், அடுத்த மாற்றும் தேதியில் மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கோடு தொடங்கலாம். நிற்கவில்லை என்றால் எடையை மாற்றி அதே கோப்பில் மறுபடி ஓட்டாதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்ட தரவு இனி பரீட்சைக்கு உதவாது. அந்த முறையை ஓரமாக வைத்துவிட்டு, பணத்தைக் குறியீட்டுப் பண்டில் விட்டுவைத்து, இனி வரும் மாதங்களின் வரிசையைச் சந்தை திறக்கும் முன் நோட்டில் எழுதிவாருங்கள்.